எல்லாரும் கேட்பது நீலம்: ஊர் அணியின் ஜெர்சியை ரசிகர்களோடு சேர்ந்து முடிவு செய்வது

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை என்று கரையோரமாகவே வந்தால் கால்பந்து ஆடும் ஊர்கள் பல. எந்த ஊரில் கேட்டாலும் ஜெர்சிக்கு முதலில் வரும் நிறம் நீலம். கடலை வைத்துக்கொண்டு வேறு என்ன நிறம் போடுவது என்பார்கள். விளைவு, மின்னொளிப் போட்டியில் இரண்டு நீல அணிகள் எதிரெதிரே நிற்கும். நடுவர் ஓர் அணியைக் கூப்பிட்டு, பயிற்சிக்குப் போடும் வலைப் பனியனை மேலே மாட்டிக்கொண்டு வரச் சொல்வார். மாதக்கணக்கில் பேசி, வளைகுடாவிலிருந்து பணம் வரவழைத்து, திருப்பூரில் தைத்து வாங்கிய ஜெர்சி அந்தப் பனியனுக்கு அடியில் போய்விடும்.

ரசிகர்களைக் கேட்டதால்தான் இப்படி ஆனது என்று நிர்வாகிகள் சிலர் சொல்வதுண்டு. கேட்டதில் தவறில்லை. கேட்ட கேள்வியும் கேட்ட நேரமும்தான் தவறு. “எந்த நிறம் வேண்டும்?” என்று வெறுமனே கேட்டால் நீலம்தான் பதிலாக வரும். “சுற்றியுள்ள நான்கு ஊரும் நீலத்தில் ஆடுகிறது, ராத்திரி வெளிச்சத்தில், மணல் தரையில் நம்ம பையன் தனியாகத் தெரிய எதைப் போடலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். அதே ஆட்கள் யோசித்துப் பேசுவார்கள்.

இதற்கு உலகம் அறிந்த சான்று பிரேசிலின் மஞ்சள் சட்டை. 1950 உலகக் கோப்பையில் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் தோற்றபோது பிரேசில் வெள்ளைச் சட்டையில்தான் ஆடியது. அந்தத் தோல்விக்குப் பிறகு வெள்ளை யாருக்கும் பிடிக்கவில்லை. 1953-ல் ரியோவின் நாளிதழ் ஒன்று புது உடைக்குப் பொதுப்போட்டி அறிவித்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: கொடியில் உள்ள நான்கு நிறங்களும் உடையில் வரவேண்டும். வென்றவர் அல்டிர் ஷ்லீ என்ற பத்தொன்பது வயது இளைஞர். நான்கு நிறத்தையும் சட்டையிலேயே அடைத்தால் கண்ணைக் குத்தும். அதனால் அவர் மஞ்சள் சட்டை, கழுத்திலும் கையோரத்திலும் பச்சை, நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை என்று பிரித்துப் போட்டார். 1954 முதல் இன்றுவரை அதுதான் பிரேசில். கதவை முழுக்கத் திறந்துவிடாமல் ஒரு நிபந்தனைக்குள் கேட்டதால்தான் அந்தச் சட்டை கிடைத்தது.

கேட்காமல் செய்தவர்கள் பட்ட பாடும் கண்முன்னே இருக்கிறது. வேல்ஸில் உள்ள கார்டிஃப் சிட்டி தலைமுறைகளாக நீலத்தில் ஆடிய அணி. அதன் செல்லப்பெயரே நீலப்பறவைகள். 2012-ல் உரிமையாளர் அதைச் சிவப்பாக்கினார். சிவப்பில் ஆடித்தான் 2013-ல் இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகுக்கே ஏறினார்கள். ஆனாலும் ரசிகர்கள் சிவப்பை ஏற்கவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பிவந்தது. ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் நிர்வாகிகள் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கேட்டும் தோற்றவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் 2018 ஜனவரியில் புது முத்திரையை வெளியிட்டு, பத்தாயிரம் பேரிடம் கருத்துக் கேட்டோம் என்றது. சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள், முத்திரை கைவிடப்பட்டது. “கிளப் என்றால் உங்களுக்கு என்ன?” என்று கருத்துக் கேட்பது ஒன்று. வரைந்து முடித்ததைக் காட்டி, சரியா என்று ஒப்புதல் வாங்குவது வேறொன்று. முன்னதைச் செய்துவிட்டு பின்னதையும் செய்ததாக நினைத்துக்கொள்வதுதான் பெரிய கிளப்பிலும் ஊர் அணியிலும் நடக்கும் தவறு. எவர்டன் 2013-ல் அதே பள்ளத்தில் விழுந்தாலும் மன்னிப்புக் கேட்டு, மூன்று வரைபடங்களை வாக்குக்கு விட்டு, வென்றதையே அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொண்டது. இப்போது இங்கிலாந்தில் இது சட்டமாகவே வந்துவிட்டது. 2025-ன் கால்பந்து நிர்வாகச் சட்டப்படி, முத்திரையையோ சொந்த மைதானச் சட்டையின் முதன்மை நிறத்தையோ மாற்ற ரசிகர்களில் பெரும்பான்மையினர் ஆதரவு தேவை.

நம் பக்கத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் 2020-ல் செய்தது கவனிக்கத்தக்கது. கொரோனா களப்பணியாளர்களைப் போற்றும் ஜெர்சியை வடிவமைக்கும் வேலையை ரசிகர்களிடமே போட்டியாக விட்டார்கள். ஆனால் அது மூன்றாம் ஜெர்சிக்கு, அதாவது சொந்த மைதான, வெளி மைதான ஜெர்சிகள் போக எப்போதாவது போடுவதற்கு, மட்டும். அணியின் வழக்கமான மஞ்சளில் யாரும் கைவைக்கவில்லை. முதல் ஜெர்சிக்கு ஒப்புதல், இரண்டாம் மூன்றாம் ஜெர்சிக்குச் சுதந்திரம் என்ற இந்தப் பிரிவினை ஊர் அணிக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் பழைய ஜெர்சிகளை விரித்து வையுங்கள்

வாக்கெடுப்புக்கு முன் செய்யவேண்டியது ஒரு சாயங்கால வேலை. ஊரில் பத்து இருபது வருடமாகச் சேர்ந்திருக்கும் பழைய ஜெர்சிகளையும் கோப்பையோடு எடுத்த போட்டோக்களையும் டீக்கடைப் பெஞ்சிலோ சங்கக் கட்டடத்திலோ வரிசையாக விரித்து வைக்கவேண்டும். வருகிறவர்களிடம் ஒரே கேள்வி: “இதில் எதை எடுத்துவிட்டால் இது நம்ம அணி இல்லை என்பீர்கள்?” பல நேரம் பதில் நிறமாக இருக்காது. நெஞ்சுக்குக் குறுக்கே போகும் பட்டை, கையில் இரண்டு கோடு, கழுத்தின் வி வடிவம் என்று ஏதோ ஒன்று வரும். “காக்கா (அண்ணே), அந்தப் பட்டை இருக்கட்டும், மத்ததை எப்படி வேணாலும் மாத்திக்கங்க” என்று ஒருவர் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த ஒன்றை எழுதிவைத்துக்கொண்டு, எல்லா வரைபடத்திலும் அது இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும்.

அன்றைக்கே இன்னொரு தாளில், வழக்கமாக மோதும் அணிகளின் நிறங்களைக் குறிக்கவேண்டும். ஆட்ட உடையைப் பற்றிய கால்பந்து விதி 4 இதில் தெளிவானது: இரு அணிகளும் ஒன்றிலிருந்து ஒன்றும், நடுவர்களிடமிருந்தும் வேறுபட்டுத் தெரியவேண்டும், கோல்கீப்பர் எல்லாரிடமிருந்தும் வேறுபடவேண்டும். அதாவது ஓர் ஆட்டத்தில் இரண்டு அணி, இரண்டு கோல்கீப்பர், நடுவர்கள் என்று ஐந்து நிறம் மோதாமல் இருக்கவேண்டும். இரண்டாவது ஜெர்சிக்குக் காசில்லாத அணி, பக்கத்து ஊரார் யாரும் போடாத நிறத்தை எடுப்பது நல்லது. கோல்கீப்பருக்கு இரண்டு நிறத்தில் நிறத்துக்கொன்று தைத்துவிடுங்கள், அது பெரிய செலவில்லை. சிவப்பும் பச்சையும் மோதினால் சரியாகத் தெரியும் என்று நினைக்கவேண்டாம். நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். 2018 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே, சிவப்பு ரஷ்யாவும் பச்சை சவூதியும் ஆடியபோது, அப்படிப்பட்ட பார்வையாளர்களிடமிருந்து புகார் வந்தது.

இன்னொன்று, வெளியே பேசத் தயங்குவது. நம் மாவட்டத்தில் இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது கட்சிக் கொடியாகவோ சாதிக் கொடியாகவோ படிக்கப்படலாம். பள்ளிகளில் நிறக் கயிறு கட்டுவதையே தடைசெய்யச் சொல்லி நீதியரசர் சந்துரு குழு 2024-ல் பரிந்துரைத்தது. அப்படியிருக்க, ஊரின் பாதிப்பேர் போட்டுக்கொள்ள முடியாத ஜெர்சியை வாக்குக்கு விடக்கூடாது. அந்த வடிகட்டலை நிர்வாகக் குழு முன்கூட்டியே செய்துவிட்டு, இந்தச் சேர்க்கைகளை எடுக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வாக்கு எண்ணி முடித்த பிறகு ஒரு நிறத்தை ரத்துசெய்வது அணியையே இரண்டாக்கிவிடும்.

விளம்பரதாரர் விஷயமும் வாக்குக்கு முன்பே முடியவேண்டியது. கடைப் பெயர் எங்கே வரும், எத்தனை அங்குலம், என்ன நிறம் என்பது வரைபடத்திலேயே இருக்கவேண்டும். வாக்கு வாங்கியது ஒன்று, பிறகு நெஞ்சில் பெரிய மஞ்சள் கட்டம் ஒட்டி வந்தது வேறு என்றால், ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் ரசிகர்கள் சொல்வார்கள்.

மறைந்த ஆட்டக்காரரின் படத்தை ஜெர்சியில் போடவேண்டும் என்ற கோரிக்கை அநேகமாக எல்லா ஊரிலும் வரும். அதன் பின்னால் உள்ள பாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உயிரோடு இருப்பவரோ மறைந்தவரோ, ஒரு நபரைக் குறிக்கும் வாசகமும் படமும் ஆட்ட உடையில் பொதுவாகக் கூடாது என்பது விதி 4-ன் விளக்கம். அரசியல், மதம் சார்ந்தவையும் கூடாது. ஒரு விலக்கு உண்டு: போட்டியின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே அந்தப் பெயர் இருந்தால் போடலாம். நினைவுக் கோப்பை நடத்தும் ஊர்களுக்கு அது கைகொடுக்கும். மற்ற ஆட்டங்களுக்கு, ரசிகர்கள் போடும் ஜெர்சியில் மட்டும் படத்தை வைத்து, ஆட்டக்காரர்களுடையதில் விட்டுவிடலாம்.

செல்போன் படத்தை நம்பி வாக்குப் போடாதீர்கள்

இங்கேதான் பெரும்பாலான அணிகள் சறுக்குகின்றன. டிசைனர் அனுப்பிய படம் போனில் பளபளக்கும். தைத்து வரும்போது அரக்கு நிறம் செங்கல் நிறமாக இருக்கும். காரணம் அச்சுமுறையில் இருக்கிறது.

இன்றைக்குக் குறைந்த எண்ணிக்கையில் தைக்கும் ஜெர்சிகள் பெரும்பாலும் சப்ளிமேஷன் முறையில் அச்சாகின்றன. வெட்டிய துணியின் அளவுக்குத் தாளில் மை அச்சடித்து, அந்தத் தாளை வெள்ளைப் பாலியஸ்டர் துணிமேல் வைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை அழுத்துவார்கள். மை ஆவியாகி நூலுக்குள் இறங்கிவிடும். தாளில் பார்த்தால் எல்லாம் மங்கிச் செத்துப்போயிருக்கும். அரக்கு காய்ந்த மண் மாதிரி இருக்கும். சூடு பட்டபிறகுதான் நிறம் எழும். சூடும் நேரமும் கொஞ்சம் மாறினாலே நிறமும் மாறும். போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணி மையால் காட்டுகிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

இந்த முறையில் வெள்ளை மை கிடையாது, துணியின் வெள்ளைதான் வெள்ளை. அதனால் கருநீலம், கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்களைச் சப்ளிமேஷனில் எடுத்தால், துணியை இழுக்கும்போது உள்ளிருந்து வெளிறித் தெரியும். தையல் ஓடிய இடத்தில் ஊசித் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசைகட்டும். ஜெர்சியின் பெரும்பகுதி அடர்நிறம் என்றால் சாயமேற்றிய துணியை வாங்கி, எண்ணையும் பெயரையும் மட்டும் மேலே ஒட்டச் சொல்வதே சரி. பருத்தி கலந்த துணியில் சப்ளிமேஷன் பிடிக்காது, இரண்டு சலவையில் வெளுத்துவிடும்.

துணியின் கனத்தை ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கில் சொல்வார்கள். சொன்னதுதான் வந்திருக்கிறதா என்று பார்க்க மெஷின் வேண்டாம். சாம்பிள் துணியில் சரியாக 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் வெட்டி, நகைக்கடைத் தராசில் வைத்தால் 1.4 கிராம் காட்டினால் 140 ஜி.எஸ்.எம். நூறால் பெருக்கினால் போதும். நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு 140–150 ஏற்றது. 120 என்றால் வியர்வையில் உடம்போடு ஒட்டும், வெள்ளை என்றால் உள்ளே தெரியும். 180-க்கு மேல் போனால் இரண்டாம் பாதியில் ஆட்டக்காரனுக்குப் பாரம்.

ஆகவே வரைபடங்களை மூன்றாகக் குறைத்த பிறகு, மூன்றிலும் ஒவ்வொரு ஜெர்சி தைத்து வாங்கவேண்டும். சாம்பிளுக்குத் தனிக்காசு கேட்பார்கள்; மொத்த ஆர்டரில் கழித்துக்கொள்வார்களா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஜெர்சியோடு ஒவ்வொன்றிலும் ஒரு கையகலத் துணித்துண்டும் அச்சடித்து வாங்கவேண்டும். அந்தத் துண்டைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை உறையில் போட்டு இருட்டில் வைக்கவேண்டும். மறுபாதியை ஊர்த் தண்ணீரிலேயே, நுரை வராத அந்த உப்புத் தண்ணீரிலேயே, சோப்புப் போட்டுத் துவைத்து உச்சி வெயிலில் காயவைத்து, ஐந்து நாள் இதையே செய்து, பிறகு இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும். ஒளிரும் மஞ்சள், ஒளிரும் ஆரஞ்சு, ரோஸ் மூன்றும்தான் முதலில் போகும். உப்புத் தண்ணீரில் வெள்ளை பழுப்படிக்கும். துவைக்கிற அம்மாக்களும் அக்காக்களும் இதைப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் காட்டாமல் வெள்ளை ஜெர்சியை முடிவு செய்யக்கூடாது.

அடுத்து மைதானம். மாலை ஆறரை மணி, விளக்கு போட்டாயிற்று. சாம்பிளைப் போட்ட பையன் ஒருவனை எதிர்முனைக் கோல்கம்பத்தருகே நிறுத்தி, பக்கத்தில் எதிரணி நிறத்தில் இன்னொருவனை நிறுத்தி, இந்த முனையிலிருந்து பாருங்கள். முதுகு எண் படிக்கவருகிறதா? 1996 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட் சவுதாம்டனில் சாம்பல்நிற ஜெர்சியில் இறங்கி, இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியது. கூட்டத்தின் பின்னணியில் தங்கள் ஆளையே அடையாளம் தெரியவில்லை என்று சொல்லி, இரண்டாம் பாதிக்கு வேறு ஜெர்சி மாற்றினார்கள். நமக்குப் பின்னணி கூட்டம் மட்டும் இல்லை, மணலும்தான். வெளிர்மஞ்சள், சந்தன நிறம், சாம்பல் மூன்றும் ராத்திரி விளக்கில் மணலோடு கரைந்துவிடும். நெடுக்குக் கோடு போட்ட ஜெர்சியில் எண் சிக்கிக்கொள்ளும். முதுகில் ஒரே நிறக் கட்டம் விட்டு, அதில் பத்து அங்குல உயரத்துக்குக் குறையாமல் எண் போட வேண்டும்.

முத்திரையில் பாம்பன் பாலம் கேட்காத ஊர் இந்தக் கரையில் அபூர்வம். 7 செ.மீ. வட்டத்துக்குள் தூண்களையும் இரும்புச் சட்டங்களையும் அடக்கினால், எம்பிராய்டரியில் அது ஒரு கறுப்புக் கோடாகத்தான் வரும். 1914-ன் பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் தூக்கி நின்ற அந்த நடுப்பகுதி மட்டும் போதும், பார்த்தவுடன் தெரியும். ஆவுளியா, அதாவது கடற்பசு, இன்னும் எளிது. அதன் வாலே அடையாளம். மெல்லிய துணியில் எம்பிராய்டரி போட்டால் துணி சுருங்கும், உள்பக்கம் நெஞ்சை அறுக்கும். ஆடுகிறவர்களுக்கு அச்சிட்ட முத்திரையே நல்லது.

வாக்கு எண்ணும் கணக்கு

மூன்று ஜெர்சியில் இரண்டு நீலம், ஒன்று சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். 120 பேர் வாக்களிக்கிறார்கள். ஒரு நீலத்துக்கு 38, இன்னொரு நீலத்துக்கு 35, சிவப்புக்கு 47. சிவப்பு வென்றது என்று அறிவித்தால், நீலம் கேட்ட 73 பேர் தோற்றுப்போகிறார்கள். ஊரில் சண்டை வருவது இந்தக் கணக்கால்தான், நிறத்தால் இல்லை. வாக்குச்சீட்டில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு இடம் விட்டால் சரியாகிவிடும். குறைந்த வாக்கு வாங்கிய 35-ஐ நீக்கி, அவர்களின் இரண்டாம் விருப்பத்தைச் சேர்க்கவேண்டும். 30 பேர் மற்ற நீலத்தையும் 5 பேர் சிவப்பையும் எழுதியிருந்தால், நீலம் 68, சிவப்பு 52.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பு சுலபம்தான், ஆனால் யார் எதற்குப் போட்டார்கள் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். பெரியவர் ஒருவர் முதலில் போட்டுவிட்டால் பின்னால் வரும் பையன்கள் அதையே அழுத்துவார்கள். ஒருவரே எல்லாவற்றையும் தேர்வு செய்யலாம் என்ற வசதியும் திறந்தே இருக்கும். அதை முதலிலேயே அணைக்கவேண்டும். குழுவில் இல்லாத பெண்களும் சிறுவர்களும் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆகவே ஊரில் இருப்பவர்களுக்குச் சீட்டும் பெட்டியும், வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டும் பொறுப்பாளர் ஒருவருக்குத் தனியாகச் செய்தி அனுப்புவது என்று வைத்துக்கொள்வது நல்லது. பெயர்ப்பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே வந்தால் ஒருவர் இரண்டு முறை போடமுடியாது. பத்தாயிரம் கொடுத்தவருக்கும் ஒரு வாக்கு, பந்து பொறுக்கிப்போடும் பையனுக்கும் ஒரு வாக்கு. இதில் வளைந்துகொடுத்தால் மற்ற எல்லாம் வீண்.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் கடலுக்குப் போகும் நாள்கள் வேறு வேறு. ஒரே நாள் பெட்டி வைத்தால் பாதி ஊர் கடலில் இருக்கும். மூன்று நாளாவது தொடர்ந்து வைக்கவேண்டும். ராத்திரி 9 மணிக்கு முடித்தால் சவூதியிலும் கத்தாரிலும் அப்போது மாலை 6.30, வேலை விட்டிருக்காது. 11 மணிக்கு முடியுங்கள்.

எப்போது தொடங்குவது என்பதற்கும் கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் கரையில் இருக்கும் மே மாதப் போட்டிக்கு ஜெர்சி வேண்டும் என்றால் பிப்ரவரி முதல் வாரமே வேலை தொடங்கவேண்டும். பழைய ஜெர்சி விரித்துக் கேட்க இரண்டு வாரம், வரைபடத்துக்கு இரண்டு, சாம்பிளுக்கும் சலவைச் சோதனைக்கும் இரண்டு, வாக்குக்கு ஒன்று, அளவும் அட்வான்ஸும் வாங்க ஒன்று, தைத்து வர நான்கு. மொத்தம் பன்னிரண்டு வாரம். ரம்ஜான் இடையில் வந்தால் கூட்டங்களை ராத்திரித் தொழுகையான தராவீஹுக்குப் பிறகு வைக்கவேண்டியிருக்கும், இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவு கேட்கும்போது எம், எல் என்று கேட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒவ்வொரு தையல்காரருக்கும் ஓர் எம். நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்கிச் சொல்லச் சொல்லுங்கள். 20 அங்குலம் என்றால் 40. பாதிப் பணம் தராதவர் பெயரை ஆர்டரில் சேர்க்கவேண்டாம். பெயர் அச்சான ஜெர்சியை வேறு யாருக்கும் விற்கமுடியாது. நூறு தைத்தால், பெயரும் எண்ணும் இல்லாத ஐந்தைக் கூடுதலாகத் தைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் கிழிந்தாலும், புதுப்பையன் சேர்ந்தாலும் அவை உதவும்.

ஜெர்சி வந்து சேர்ந்தபிறகு, இருட்டில் வைத்த அந்தப் பாதித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கவேண்டும். அதைத் திரும்ப உறையில் போட்டு, டிசைன் கோப்பு, நிற எண்கள், துணியின் பெயர், ஜி.எஸ்.எம். எல்லாம் எழுதி, வாக்கு எண்ணிக்கைத் தாளோடு சங்கத்து பீரோவில் வையுங்கள். அடுத்த வருடம் இருபது ஜெர்சி மட்டும் கூடுதலாகத் தைக்கவேண்டி வரும். பிரிண்டிங் கடைக்காரர் மாறியிருக்கலாம். அப்போது அவர் கையில் கொடுக்க வேண்டியது அந்தத் துண்டுதான்.